மூச்சுக்காற்றில் ஓடிய மின்சாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

என்ன ஆராய்ச்சி என்று கேட்டீர்களே. மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் ஒரு கறுப்புக் கண்ணாடியில் பிஸ்மத் என்ற உலோகத்தைக் கலந்து, கூடுதலாகக் கடத்துகிறதா என்று பார்க்கிறேன். எதைக் கலந்தாலும் விழுங்கிவிட்டு, கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே கிடக்கிறது.

போன வாரம் ஒரு வேடிக்கை. திடீரென்று மின்சாரம் பல மடங்கு ஏறியது. ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டிவந்தேன். அவர் நின்றவரை ஒன்றுமில்லை. போனதும் மறுபடி ஏறியது! கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் கண்டுபிடித்தார்.

"தனியா இருந்தா அதுகிட்ட குனிஞ்சு பேசிக்கிட்டே இருக்கியேம்மா. உன் மூச்சு ஈரம் மேல படிஞ்சு, அது வழியாத்தான் கரண்ட் ஓடுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கவலைப்படாதீர்கள். மாதக் கடைசிக்குள் உருப்படியாக எதையாவது காட்டாவிட்டால்தான் மூட்டை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், அம்மா.

உங்கள் பழைய புடவையில் இரண்டு துண்டு கிழித்து அனுப்புங்கள், வாயில் கட்டிக்கொள்ள. இங்கே முகமூடி கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில், "நல்லா இருக்கியா, சரி வச்சிடுறேன்" என்று உடனே வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சண்டையையாவது சொல்லிக்கொண்டிருங்கள்.

கண்ணாடி உருக்கும் உலை சூடாகிவிட்டது, ஓடுகிறேன். இனிமேல் அந்தக் கண்ணாடியிடம்கூட நான் பேசக் கூடாதாம்.

உங்கள் மகள்