பிளஸ் டூ எழுதிவிட்டேன் என்றேன்

14-5-2001, திங்கள்

மலைக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து ஒரு மிஸ் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். பலாப்பழம் அறுத்து என் கையெல்லாம் பிசினாக இருந்ததால், கல்லூரியைப் பற்றிய புத்தகத்தை அவரே புரட்டிக் காட்டினார். வகுப்புக்கு இருபது பேர்தானாம். கணக்குப் படிக்கிறவளும் சரித்திரம், பாட்டு படிக்கலாமாம். கூச்சப்படுகிறவளையும் பேச வைத்துவிடுவார்களாம்.

“பிளஸ் டூ எழுதிட்டியா, கண்ணு?”

“எழுதிட்டேனுங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒன்பதாவதோடு என்னை நிறுத்திய அப்பா பக்கத்திலேயே கேட்டுக்கொண்டு இருந்தார். வெள்ளிக்கிழமை மார்க் பார்க்க வருவதாகச் சொல்லி மிஸ் போய்விட்டார்.

அப்பா திட்டுவார் என்று பயந்துகொண்டே சோறு போட்டேன்.

“பத்தாவதை ஊட்டுல இருந்தே எழுதலாமான்னு அந்த மிஸ்ஸை நீயே கேளு, சாமி” என்றார்.

அதைக் கேட்க வேண்டுமானால், முதலில் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும்.