மேல்தட்டை உருக்கிய நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நோய் நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான், ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. நான் சௌக்கியம், உன் அப்பா அரைச் சௌக்கியம், நம் வீட்டு ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கின நிலையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, நான் அதற்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் உன் பழைய பரீட்சை அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பாவுக்குக் காது முழ நீளம் வளர்ந்துவிடும், நான் சொல்லப்போவதோ அவரைப் பற்றி. இப்போது கால் கட்டு மாற்ற கிளினிக்குக்குப் போயிருக்கிறார், வர மதியம் ஆகும், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் உன் விஷயம். உன் ஃப்ரீசர் கதவு மூடவில்லை, ஐஸைக் கத்தியால் கொத்தி எடுக்கிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கத்தி, ஸ்குரூடிரைவர், கரண்டிக் காம்பு எதையும் உள்ளே விடாதே. அந்தச் சுவருக்குள் கேஸ் குழாய் ஓடுகிறதாம், ஒரு குத்து ஓட்டை போட்டால் ஃப்ரிட்ஜே போச்சு. முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது, சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நம்பி உட்காராதே. உள்ளே இருக்கிற மீன், கோழி, பட்டாணி எல்லாவற்றையும் நெருக்கமாக அடுக்கி செய்தித்தாளால் நாலு சுற்றுச் சுற்றி ஐஸ் பெட்டியில் வை. கீழே பழைய துண்டுகளை விரி, தண்ணீர் நீ நினைப்பதைவிட அதிகம் வரும், உன் வீட்டு வழவழத் தரையில் வழுக்கி விழுந்தால் தூக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அவசரமாக இருந்தால் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, அடியில் துணி போட்டு உள்ளே வை, ஆறினதும் மாற்று. தலை காயவைக்கிற மெஷினைக் கொண்டுபோய்க் காட்டாதே, தண்ணீரும் கரண்டும் சம்பந்தி இல்லை. தானாகக் கழன்று வருகிற பாளத்தைக் கையால் எடு, ஒட்டிக்கொண்டிருப்பதை இழுக்காதே. எல்லாம் உருகின பிறகு ஈரம் போக நன்றாகத் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம்தான் பிளக். அது நன்றாகக் குளிர்ந்த பிறகு சாமானை வை. இளகிப் போன கோழியை மறுபடி உறைய வைக்காதே, அன்றே சமைத்துவிடு, சந்தேகமாக இருந்தால் தூக்கிப் போடு.

இனி உன் அப்பா. நம் வீட்டில் ஃப்ரீசரை மேல்தட்டு என்றுதான் சொல்வோம், அது உனக்குத் தெரியும், நீ சின்னதில் மேல்தட்டு ஐஸ் வேணும் என்று அழுவாய். அந்த மேல்தட்டில் மூன்று மாதமாக ஐஸ் மலை மாதிரி வளர்கிறது. ஏன் வளர்கிறது? யாரோ அடிக்கடி திறக்கிறார்கள், சரியாக மூடுவதில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர், நான் காலையில் மட்டும்தான் திறக்கிறேன், இறுக்கி மூடியும் விடுகிறேன். அதே மூன்று மாதமாகத்தான் அவருக்குச் சர்க்கரையும் ஏறுகிறது. மாத்திரையை மாற்றி இன்சுலின் ஊசிக்குப் போய், டாக்டர் இரண்டு தடவை அளவைக் கூட்டியும் இறங்குவேனா என்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்குப் பட்டணத்து போலீஸ் வேண்டுமா? பேக்கரியில் ஐஸ்கிரீமை வாங்கி வந்து மேல்தட்டில் ஒளித்துத் தின்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். கேட்டால் நான் ஒண்ணும் திங்கலடி என்பார், முகத்தைப் பால் வடிய வைத்துக்கொள்வார். சட்டைப் பையை மோந்து பார்த்தேன். கரண்டிகளை எண்ணி வைத்தேன். சாயங்கால நடையை நிறுத்தினேன், நடக்கப் போகிறேன் என்று பேக்கரி வாசலில்தான் நிற்பார் என்று. நான் வெளியே போகும்போது மேல்தட்டுக் கதவு இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சொருகிவிட்டுப் போவேன், திறந்தால் விழுந்துவிடும் அல்லவா, திரும்பி வந்து பார்த்தால் எப்போதும் தரையில்தான் கிடக்கும். கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதானே?

இதில் மாடி நர்ஸுக்கும் பங்கு உண்டு என்பது என் கணக்கு. மாடியில் புதிதாகக் குடி வந்திருக்கிறாளே, ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்க்கிறவள், அவளும் இவரும் மாடிப்படி வளைவில் நின்று குசுகுசு என்று பேசுவதை இரண்டு தடவை பார்த்தேன். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். கேக் ஏதாவது கொண்டுவந்து கொடுக்கிறாளோ என்னவோ, பூனை மாதிரி இருந்துகொண்டு. செவ்வாய்க்கிழமை ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்தார், கீழே கிடந்த என் காகிதத்தை எடுத்து மறுபடி கதவில் வைத்து மூடினார், அது நழுவி நழுவி அவர் கண் எதிரிலேயே விழுந்தது. பாருங்கம்மா, ரப்பர் தளந்து போச்சு, பேப்பர் நிக்க மாட்டேங்குது, இந்த இடுக்குல காத்து உள்ள போய்த்தான் ஐஸ் கட்டுது, யாரும் திறக்கவே வேணாம், ஐஸ உருக்கி வைங்க, வெள்ளிக்கிழமை ரப்பர் மாத்தித் தர்றேன் என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆனாலும் உனக்குச் சொல்கிறேன், எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஐஸுக்கு ரப்பர் காரணம் என்றால் சர்க்கரைக்கு எது காரணம்? கால் கட்டைவிரல் புண் ஆறவே இல்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இதை உன்னிடம் மறைத்திருந்தேன். அதற்கு முன்னால் உன் அப்பாவை வைத்துக்கொண்டே, சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்காரா என்று அவர் கேட்டதற்கு, திருட்டுத் தீனி டாக்டர் என்று நான்தான் சொன்னேன். உன் அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் நீயும் அவரிடம் கண்டிப்பாகப் பேசவேண்டும் என்று போன மாதம் சொன்னேன், நீயும் நாக்கு பெருசா உயிர் பெருசாப்பா என்று போட்டாயே ஒரு போடு, அப்படித்தான்

கதவை யாரோ தட்டுகிறார்கள். வருகிறேன்.

மறுநாள் எழுதுகிறேன். நேற்று அப்படியே விட்டுவிட்டேன், அதற்கப்புறம் பேனாவைத் தொட மனசு வரவில்லை. மேலே எழுதினதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், பிறகு கிழிக்கவில்லை, நீ படி.

தட்டினது மாடி நர்ஸ்தான். வேலை முடிந்து வந்தவள், நம் வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜா உருக்குறீங்க, சாமான் ஏதாவது இருந்தா என் ஃப்ரீசர்ல வெச்சுக்கங்கம்மா என்றாள். இவள் எதற்கு இவ்வளவு உபசாரம் செய்கிறாள் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. ஆனால் கோழி போனால் போகட்டும், மருந்து கெடக் கூடாது பார், அதனால் ஐஸ் பெட்டியிலிருந்து இன்சுலின் டப்பாவை எடுத்து, இத மட்டும் உன் மேல்தட்டுல வெச்சிரும்மா, இன்னும் கல்லாத்தான் இருக்கு என்றேன். அவள் டப்பாவைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஐயோ அம்மா, இதையா ஃப்ரீசர்ல வெச்சிருந்தீங்க என்றாள். ஆமாம், மூன்று மாதத்துக்கு முன்பு ஊசி ஆரம்பித்ததிலிருந்தே அங்கேதான், தினமும் காலையில் எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்து இளகின பிறகு கையில் கொடுப்பேன், ஊசி போட்டதும் வாங்கித் திரும்ப மேலே வைத்துவிடுவேன், எடுத்து வைக்கிற வேலையை அவரிடம் விடுவதில்லை, எதையாவது மறந்துவிடுவார் என்று பெருமையாகவே சொன்னேன். அவள் டப்பாவுக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். உறைய விடக் கூடாது என்று போட்டிருந்தது. ஒரு தடவ உறைஞ்சாலே இதுல இருக்கிற மருந்து செத்துரும்மா, இது வெறும் தண்ணி மாதிரிதான், மூணு மாசமா அவருக்கு மருந்தே போகல என்றாள்.

நானும் அந்த வரியைப் படித்துப் பார்த்தேன். மருந்துக் கடைக்காரர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. ஃப்ரிட்ஜ்ல மேல்தட்டுல வைங்கம்மா, கதவுல வைக்காதீங்க என்றார். அவர் சொன்னது கீழே சாதாரணமாகச் சாமான் வைக்கிற இடத்தின் மேல்தட்டு. என் காதில் விழுந்தது நம் வீட்டு மேல்தட்டு. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டேன், இந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன், கட்டின புருஷனை மோந்து பார்த்தேன், என்மேல் எனக்கு ஒரு நாள், ஒரு நிமிஷம் சந்தேகம் வந்ததா? பாவி நான். அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன், நீங்க ரெண்டு பேரும் படியில நின்னு என்னதான் பேசிக்கிட்டீங்க என்று.  அவள் சொன்னாள், மனுஷன் தூக்கத்துல தனக்கே தெரியாம எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுவானான்னு கேட்டார்மா, அப்படி ஒரு வியாதி இருக்கான்னு கேட்டார், எல்லாரும் நான் திங்கிறேன்னு சொல்றாங்க, எனக்கு ஞாபகமே இல்லன்னார். மகளே, நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள்தான் என்னை எழுப்பினாள். அழுகை அப்புறம்மா, முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுங்க, புது மருந்து வாங்கி இதே அளவு போட்டுராதீங்க, செத்த மருந்துக்குக் கூட்டின அளவு அது, நல்ல மருந்துல போட்டா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கி ஆளையே சாய்ச்சிரும் என்றாள். டாக்டர் அன்றைக்கே வரச் சொன்னார். உன் அப்பாவைக் கிளினிக்கிலிருந்து அப்படியே அங்கே கூட்டிக்கொண்டு போனேன், வழியெல்லாம் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் அறையில் வைத்துத்தான் சொன்னேன், இவர் எதையும் திங்கல டாக்டர், நான் சொன்னது பொய், மருந்த நான்தான் கெடுத்தேன் என்றேன். டாக்டர் கோபப்படவில்லை, இந்தத் தப்பு இவங்க மட்டும் பண்றதில்ல என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, புது மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்து, நாலு வேளையும் சோதித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது இன்னொன்று வெளியே வந்தது. என்னிடம் நல்ல பேர் வாங்குவதற்காக உன் அப்பா இரண்டு மாதமாகப் பாதி வயிறுதான் சாப்பிட்டிருக்கிறார், ஆபீஸுக்குக் கொடுத்துவிட்ட டப்பாவில் பாதியைக் காவலாளிக்குக் கொடுத்துவிடுவாராம். இளைத்துப் போனதையும் நான் சர்க்கரையின் கணக்கில்தானே எழுதினேன். விரல் விஷயம் இன்னும் முடியவில்லை. இரண்டு வாரம் பார்க்கலாம், ரத்த ஓட்டம் இருக்கிறது, சர்க்கரை இறங்கினால் ஆற வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். உண்டு என்றுதான் சொன்னார், கட்டாயம் என்று சொல்லவில்லை. இன்று காலை ஃப்ரிட்ஜை மறுபடி போட்டுக் குளிர்ந்த பிறகு புது மருந்தைக் கீழே, நடுவில் வைத்திருக்கிறேன், பின் சுவரில் படாமல், அங்கேயும் உறையுமாம். உறைய விடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் கத்துவார், தட்டை வீசுவார் என்று காத்திருந்தேன், எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அப்போ நான் திங்கலதானே என்று கேட்டார். நீங்க திங்கலீங்க என்றேன். சரி என்று சொல்லிவிட்டு நிறைய சாப்பிட்டார், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நான் பக்கத்தில் நின்று எண்ணாமல் பரிமாறினேன். இப்போது நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்தார். இதெல்லாம் பொண்ணுக்கு எழுதாத, தூர தேசத்துல தனியா இருக்கிறவ, நீதான் மருந்த கெடுத்தன்னு தெரிஞ்சா உன்னைத் திட்டுவா, மருந்து ஒத்துக்கல மாத்திட்டாங்கன்னு மட்டும் எழுது என்று சொல்லிவிட்டு முன் அறைக்குப் போனார். மூன்று மாதம் இந்த மனுஷரைத் திருடன் என்று உன்னிடம் சொன்னவள் நான், அவரோ உன்னை நீயே காட்டிக்கொடுக்காதே என்று என்னிடம் சொல்கிறார். அதனால்தான் ஒன்று விடாமல் எழுதிவிட்டேன்.

கடவுள் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். பிளக்கைப் பிடுங்காமல் ஃப்ரீசரில் கை வைக்காதே. கடிதம் கிடைத்த அன்றே போன் செய், முதலில் அப்பாவைக் கூப்பிடு. சர்க்கரை எவ்வளவு என்று கேட்காதே, சாப்பிட்டீங்களாப்பா என்று கேள், மன்னிச்சிருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல். அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லு. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு, நடுவில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஆசை அம்மா