ஒன்பது மாத முதலமைச்சரும் ஊர்ப் பலகையும்

அன்பு மகள் நெஸ்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் சுகம், மழையும் ஒரு குறையும் இல்லாமல் பெய்துகொண்டிருக்கிறது. பட்டகோனியாக் காற்றில் உன் இருமல் நின்றதா? அம்மா தினமும் கேட்கிறாள், ஏதோ நான் ஒளித்துவைத்திருப்பது போல.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கார்டிஃபில் வேல்ஸுக்கென்று தனி அரசு வந்ததிலிருந்து யார் யார் முதலமைச்சர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று ஊர்ப் பொதுக்கூடத்துக்கு ஒரு பலகை எழுதித் தரச் சொல்லியிருந்தாள் ஊர்ச் சங்கச் செயலாளர் டிலிஸ். பெயர்ப்பலகை எழுதும் கடையை மூடிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, விடுவேனா? கடைசிப் பேர் மெலெரி ப்ரோதெரோ. வந்த வருஷம் போட்டு, ஒரு கோடு இழுத்து, மிச்சத்தைக் காலியாக விட்டேன். திறந்துவைக்க அந்த அம்மாளே வருவதாக ஏற்பாடு. எனக்கு ரெட்டைச் சந்தோஷம், ஏனென்றால் நம் காலைப் பஸ்ஸை நிறுத்தியதும் அவர்தான். அம்மா முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி போக என் பழைய வேனில் ஏறவேண்டியிருக்கிறது, அவள் முட்டியைவிட வேன்தான் அதிகம் முனகுகிறது. முகத்துக்கு நேரே கேட்க நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ரேடியோவில் சொல்கிறான், சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டதால் ப்ரோதெரோ பதவி விலகுகிறாராம், அடுத்தவர் வரும்வரைதான் இருப்பாராம். மொத்தம் ஒன்பது மாதம். உடனே டிலிஸ் போனில், "இட்வால், அந்தக் கோட்டுக்கு அப்புறம் வருஷத்தைப் போட்டுரு, பலகைன்னா சரியா இருக்கணும்" என்றாள். பக்கத்திலிருந்து உன் அம்மா, "வீடு தேடி வர்றவளுக்கு வாசல்லயே கருமாதிப் பத்திரிகை நீட்டுவீங்களா? பிரஷ்ஷைத் தொட்டீங்க, சோறு கிடையாது" என்றாள். நான் சோற்றின் பக்கம் நின்றேன்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார், காவலும் கேமராவும் இல்லாமல், டிரைவரோடு மட்டும், தலை நனைந்து. திரையை விலக்கினார். எல்லாப் பேரையும் மெதுவாகப் படித்துக்கொண்டே வந்து தன் கோட்டில் நின்றார். "இதை ஏன் பாதியில விட்டுட்டீங்க?" என்று கேட்டார். "எனாமல் பெயிண்ட் தீர்ந்துபோச்சு" என்றேன். என் கையிலோ டிலிஸ் திணித்துவிட்டிருந்த பிரஷ்ஷும் முக்கால் டப்பா எனாமலும். கூடமே கொல்லென்று சிரித்தது, அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது. அப்புறம் "குடுங்க இப்படி" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன், அம்மா என்னைப் பிடித்தாள். நாலு எண்ணையும் அவரே எழுதினார். கடைசி எண் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "அழிச்சிட்டு நல்லா எழுதிடுங்க" என்றார். "அது உங்க வருஷம், நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

டீ குடிக்கும்போது அவராகவே, "உங்க பஸ்ஸை நிறுத்தினது நான்தான், தெரியுமில்ல?" என்றார். நாலு பக்கம் மனப்பாடம் செய்தவன் வாயிலிருந்து "தெரியும்மா" என்று ஒரே வார்த்தைதான் வந்தது. அம்மாதான் முட்டியைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். "இன்னும் அஞ்சு நாள் என் கையெழுத்து செல்லும், பாக்கறேன்" என்றார். புதன்கிழமை பஸ் விட உத்தரவு வந்துவிட்டது. தினமும் இல்லை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும். டிலிஸ் தன்னால்தான் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், திரியட்டும்.

உன் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் உன்னைத் தலைமையாசிரியை ஆகச் சொல்கிறார்கள், அதற்குள் என்ன செய்துவிட முடியும் என்று எழுதியிருந்தாய். ஒத்துக்கொள்ளம்மா. ஒரு வருஷத்தில் வாரத்துக்கு ரெண்டு பஸ்ஸாவது விடலாம்.

கம்பளிக் கழுத்துத்துணியைப் பெட்டியில் பூட்டிவைக்காதே, கழுத்தில் சுற்று. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், இல்லாவிட்டால் அம்மா என்னைத்தான் திட்டுவாள். எங்கே இருந்தாலும் நல்லபடியாக, நிறைவாக இரு.

உன் அப்பா,
இட்வால்