குடும்பத்தில் ஒருவரை விலைபேச வந்தவர்

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

காலையில் ஒருவர் மனைவியோடு வந்தார். நேற்று மெக்கானிக் கொண்டுவந்து விட்ட நம் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்ஜின் வேலை முடிஞ்சதும் எங்களுக்குத்தான்னு சார் போன மாசமே வாக்குக் குடுத்துட்டாரும்மா" என்றார்.

போன மாசமே!

இந்தக் கிழட்டு வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்று போன வாரம்தான் கேட்டேன். "இது வண்டியில்லடி, நம்ம குடும்பத்துல ஒருத்தர்" என்று தழுதழுத்தீர்கள். நானும் உருகிப்போய், அக்காவைப் பார்க்கப் போக வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். குடும்பத்தில் ஒருவரை விலைபேசியாகிவிட்டது. அடுத்து யார் என்று முன்கூட்டியே சொன்னால் நானும் குளித்துத் தயாராக இருப்பேன்.

அந்தக் காரில்தான் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறேன். அவ்வளவு செலவு தகுமா தகாதா என்பது போய்ச் சேர்ந்தால் தெரிந்துவிடும்.

அவர் சாயங்காலம் மறுபடி வருவார். நீங்களே பேசிக்கொள்ளுங்கள், பேச்சுக்கு உங்களிடம் என்ன பஞ்சம்!

பி.கு.: உங்கள் மூக்குக்கண்ணாடி காருக்குள் கிடந்தது. துடைத்து இந்தச் சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது.