டேங்குக்கு வெளியே நிற்கிற ஆள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் சுகம்தான், என் கோபம் ஒன்றுதான் இன்னும் இறங்கவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி, மாடி ஏறச் சொன்னால் வலிக்கிறது, சீட்டாடப் போகும்போது வலிப்பதில்லை. உன் தங்கை புது வீட்டுக்கு மாறிவிட்டாள், குளியலறைக் குழாய் ஒழுகுகிறதாம், வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சமாம், என் வயிற்றில் இப்படியும் ஒன்று பிறந்ததா என்று சிரித்தேன்.

சரி, போனில் நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா, கேட்ட இடத்துல கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரு என்றாய். பக்கத்தில் அப்பா இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், போட மாட்டேன். எங்கள் கம்பெனி பெரிய பெரிய எண்ணெய் டேங்குகளைக் கழுவிப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறது, அதற்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவது நான். ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் இறங்குகிற வாயான மேன்ஹோல் பக்கத்திலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, இது நான் எழுதிய வரி. புது மேனேஜருக்கு இந்த வரிதான் கண்ணை உறுத்துகிறது. சும்மா நிக்கிறவனுக்கு எதுக்கும்மா சம்பளம், மூணு டேங்குக்கும் ஒரே ஆள் போதும், மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க என்கிறார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் ஆட்களுக்கே ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பொறுக்காது, அந்த ஸ்பேனர எடுத்துட்டு வா, அப்படியே டீயும் சொல்லிட்டு வா என்று விரட்டிவிடுவார்கள். போன மாதம் அப்படித்தான் வெளியே நின்றவரை ஸ்டோருக்கு அனுப்பினார்கள், உள்ளே இருந்த பெயிண்டர் பெயிண்ட் வாடை தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். ஸ்டோர் பூட்டிக் கிடந்ததால் போனவர் உடனே திரும்பி வந்து பார்த்தார், அதனால்தான் பெயிண்டர் இன்று தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். ஸ்டோர்காரர் சாப்பிடப் போனதால் ஒரு உயிர் பிழைத்தது, இதற்குப் பெயர் திட்டமா, நீயே சொல்.

மேனேஜரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், நீங்க உள்ள இறங்குங்க சார், நான் வெளிய நிக்கிறேன், நடுவுல மத்த ரெண்டு டேங்கையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன் என்று. அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன் என்றார். தாராளமா பாத்துக்குங்க, அதுவரைக்கும் நான் சரின்னு சொல்லாம ஒருத்தரும் இறங்க மாட்டாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது மூன்று டேங்கும் மூடித்தான் கிடக்கின்றன. வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்துகொண்டே பிடிவாதம் பிடிக்க எனக்குத் தெரியும். அப்பா வேறு வீட்டில் முணுமுணுக்கிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் சும்மா சும்மா எரிந்து விழாதே, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். நீயும் அங்கே டேங்குக்குள் இறங்கி வெல்டிங் பண்ணுகிறவன்தானே. நீ உள்ளே இருக்கும்போது வெளியே யார் நிற்கிறார், அவர் எத்தனை டேங்குக்கு ஒரே ஆள் என்று விசாரித்து எழுது. அதற்குப் பிறகும் மனசு வந்தால், என்னைக் கையெழுத்துப் போடச் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா