கேமராவுக்கு முதுகு

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் படக் கம்பெனி மேனேஜர் அளவு நாடாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வந்த வேகத்தில் என் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஹீரோவுக்கு ரெண்டு இன்ச் கூடியிருக்கு. நீயும் கூட்டிடுப்பா. ஷூட்டிங்குக்கு மூணு வாரம் இருக்கு.” ஏதோ பேன்ட்டைப் பிரித்துத் தைக்கச் சொல்வது போலச் சொன்னார்.

நான் ஹீரோவின் டூப். தினமும் பல் தேய்க்கும்போது இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால். இந்தச் சண்டைப் படத் தொடரின் நான்கு பாகங்களிலும் அவர் பறந்ததெல்லாம் நான் பறந்தது. கூரையிலிருந்து விழுந்ததெல்லாம் நான் விழுந்தது. எழுந்து கேமராவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது மட்டும் அவர். அவருக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். பதினொரு வருடத்தில் எனக்கும் இறங்கிவிட்டது. இப்போது அவருக்குத் தொப்பை, ஆகவே எனக்கும் தொப்பை.

சாயங்காலம் மனைவி கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். தட்டில் ஒரு கரண்டி வைத்து “இது உங்களுக்கு” என்றாள். இன்னொரு கரண்டி வைத்து “இது அவருக்கு. மிச்சம் வைக்காம சாப்பிடச் சொல்லுங்க” என்றாள். சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பீரோவைக் குடைந்தபோது ஒப்பந்தக் காகிதம் கையில் வந்தது. இரண்டாம் பாகத்தின்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. ‘தொடர் நிறைவுபெறும் வரை இத்தொடருக்கு வெளியே எந்தப் படத்திலும் விளம்பரத்திலும் முகம் தெரியும்படி தோன்றக் கூடாது.’ ஹீரோவே எல்லாச் சண்டையையும் போடுகிறார் என்று ஊர் நம்ப வேண்டுமே, அதற்காக.

அப்போது எனக்கு முப்பத்தைந்து. ஒரு தொடர் எத்தனை நாள் ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். இப்போது நாற்பத்து நான்கு. கழுத்து முழுதாகத் திரும்புவதில்லை. இந்த ஐந்தாம் பாகம் மூன்று வருடம் தள்ளிப்போய் இப்போதுதான் நகர்கிறது. இதுதான் கடைசி என்று போஸ்டரிலேயே போட்டுவிட்டார்கள். முடிந்து தொலையட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

டைரக்டர் கூப்பிட்டார். “கடைசிப் பாகத்துல உனக்கே ஒரு வேஷம். வில்லனோட அடியாள். படிக்கட்டு உச்சியில ஹீரோகிட்ட அடி வாங்குற, ரெண்டு செகண்டு நேரா கேமராவைப் பார்க்குற, அப்புறம் உருண்டு விழற. உன் மூஞ்சி, முழுசா.”

இரண்டு வினாடி. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது போதும். படம் வெளிவந்ததும் தொடர் முடிகிறது, காகிதம் செல்லாக் காசு. அந்த இரண்டு வினாடியைக் காட்டி நாலு ஸ்டண்ட் மாஸ்டர்களிடம் போய் நிற்கலாம், என் மூஞ்சியோடு.

வீட்டில் சொன்னேன். அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருக்கிறாள்.

மார்ச் 11, புதன்

மழை. ஷூட்டிங் இல்லை. கண்ணாடி முன் நின்று முறைத்துப் பழகினேன். பசியில் இருக்கிறவன் மாதிரி இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ஹீரோவால் காலைத் தூக்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். இடுப்புக்கு மேல் கால் எழும்பவே மாட்டேன் என்கிறது. டைரக்டரும் ஸ்டண்ட் மாஸ்டரும் ஓரமாகப் போய்க் குசுகுசுத்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். புரிந்துவிட்டது.

காலையில் ஹீரோவின் உடுப்பில் நான். அடியாள் உடுப்பில் வேறொருவன், கேமராவுக்கு முதுகு காட்டி. அவனை உதைத்தேன். மதியம் அடியாள் உடுப்பில் நான். ஹீரோ நாற்காலியில் இருந்து எழுந்து வந்து கையை மட்டும் நீட்டினார், நான் துள்ளி விழுந்தேன். ஆக, முற்பகலில் என்னை நானே உதைத்தேன், பிற்பகலில் என்னிடமே உதை வாங்கினேன். வேறு எந்த வேலையில் இந்தக் கொடுமை உண்டு?

பரவாயில்லை. நாளைக்கு அந்த இரண்டு வினாடி.

மார்ச் 14, சனி

தொலைத்துவிட்டேன்.

முதல் டேக். படிக்கட்டு உச்சி. எதிரே பத்தடியில் கேமரா. ஹீரோவின் கை வந்தது — என் தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. கட். “மூஞ்சி எங்கய்யா?” என்றார் மாஸ்டர். இரண்டாவது டேக், அதேதான். மூன்றாவதில் வலப்பக்கம் திரும்பினேன். மாஸ்டர் லென்ஸுக்குக் கீழே சிவப்பு டேப் ஒட்டி, “இதையே பாரு, உங்கப்பன் செத்தாலும் கண்ணை எடுக்காத” என்றார். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அடி விழுகிற நொடியில் டேப் இல்லை, சுவர்தான் இருந்தது.

பதினொரு வருடமாகக் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் முகத்தைக் கொண்டுபோவதுதானே என் பிழைப்பு. அதை நான் யோசித்துச் செய்வதில்லை. கழுத்து செய்கிறது. சரியாகத் திரும்பாத கழுத்து, இதற்கு மட்டும் எப்படித் திரும்புகிறது!

ஆறு டேக். ஆறு தடவையும் பதினான்கு படி உருண்டேன். உருண்டதில் ஒரு குறையும் இல்லை. ஹீரோவின் முட்டி வீங்கி அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் செட்டைப் பிரிக்க வேண்டுமாம். டைரக்டர் என்னைப் பார்க்காமலே, “போதும். விழறது நல்லா இருக்கு, அதை வச்சுக்கலாம்” என்றார்.

ஏன்டா இப்படிப் பண்ணினே? ரெண்டு செகண்டுடா. ஒரு மூஞ்சியைக் காட்டத் தெரியலையாடா உனக்கு? குழந்தைகூடக் காட்டுமே. வீட்டுல அவ என்ன கேட்டா, உன்கிட்ட? ஒண்ணும் கேக்கலையே —

மார்ச் 15, ஞாயிறு

“எப்படி வந்துச்சு?” என்றாள். “நல்லா வந்துச்சு” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 28, சனி

ஷூட்டிங் முடிந்தது. ஹீரோ கேரவனுக்குள் கூப்பிட்டார். முட்டியில் ஐஸ் பை. பதினொரு வருடத்தில் இரண்டாவது தடவையாக உள்ளே போகிறேன்.

“படம் எப்படி வரும்னு நினைக்கிற?”

“நல்லா வரும்ணே.”

“பொய் சொல்லாத. நான் மானிட்டர் பார்த்தேன். உன் கால் பறக்குது, என் வாய் மூச்சு வாங்குது. ரெண்டும் ஒட்டவே இல்ல.” ஐஸ் பையை அடுத்த முட்டிக்கு மாற்றினார். “உனக்குக் கவலையில்லை. ஜனங்க சிரிச்சா என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க.”

அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. எனக்குக் கவலையில்லையாம். வெளியே வந்து கேரவன் சக்கரத்தை ஓர் உதை விட்டேன். கால் வலிக்கிறது.

ஜூலை 17, வெள்ளி

படம் வெளிவந்துவிட்டது.

மதியக் காட்சிக்கு அவள் தன் கடைப் பெண்கள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எத்தனையோ நாள் இருந்தது, உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடிட்டிங்கில் ஏதாவது அதிசயம் நடக்கும் என்று ஒரு நப்பாசை.

படம் மகா மட்டம். ஒரு உதைக்கு ஒன்பது வெட்டு. கால் கிளம்புகிறது, வெட்டு, ஹீரோவின் புருவம், வெட்டு, யாரோ கத்துகிறார்கள், வெட்டு, மேஜை உடைகிறது. யார் யாரை அடித்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை, இரண்டு பேரும் நானாக இருந்தும். முதல் பாகத்தில் கூரை ஓடுகளின் மேல் வெட்டே இல்லாமல் நான்கு நிமிடம் ஓடியவர்கள் நாங்கள். கடைசிச் சண்டையில் வில்லனை அடிக்காமல் மன்னிப்பின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார் ஹீரோ. வில்லன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். முன் வரிசையில் ஒருவர், “எங்க காசு போனதுக்கு நாங்கதான்யா அழணும்” என்றார். தியேட்டரே சிரித்தது.

படிக்கட்டுக் காட்சி வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். அடி விழுந்தது. திரையில் ஒரு பின்னந்தலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு உருண்டது. “என்னடா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி வெட்கப்படறான்!” என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு. பிடித்த கையை அவள் விடவில்லை, ஆனால் அந்தக் கையில் உயிரே இல்லை.

கடைப் பெண் ஒருத்தி எட்டி, “அக்கா, இதுல அண்ணன் எப்ப வருவாரு?” என்று கேட்டாள்.

“வந்துட்டாரு” என்றாள் இவள்.

ஜூலை 20, திங்கள்

மூன்று நாள். பேசவில்லை. உப்பு எங்கே என்றால் டப்பா நகர்ந்து வருகிறது.

ஜூலை 22, புதன்

இன்று அவளாகவே ஆரம்பித்தாள். “மூஞ்சி வராததுக்கு நான் கோபப்படலை. நாலு மாசமா நான் தினம் அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க. என்கிட்டயும் ஏன் திரும்பிக்கிட்டு நிக்கறீங்க?”

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், ஆறு டேக்கையும். சிவப்பு டேப்புக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதற்கு மேல் நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

மேனேஜர் வந்தார். ஆறாம் பாகமாம்.

“கடைசின்னு போட்டீங்களே?”

“போட்டோம்பா. இப்படியா முடிக்கிறதுன்னு ஜனங்க திட்டறாங்க. நல்லபடியா இன்னொண்ணு எடுத்து முடிக்கணும்ல? தொடர் முடியல, அதனால உன் ஒப்பந்தமும் அப்படியேதான் இருக்கு. பழைய சம்பளத்துக்கு மேலயே போட்டுத் தரச் சொல்றேன்.”

எடுத்த படம் மோசம் என்பதற்காக எனக்கு விடுதலை கிடையாது. நன்றாக எடுத்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? அப்போது, ‘ஜனங்க கேக்கறாங்க’ என்றிருப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாடாவை எடுத்தார். இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றேன்!

ஆகஸ்ட் 6, வியாழன்

கழுத்துக்குச் சிகிச்சைக்குப் போனேன். பிசியோதெரபி அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டே தான் பார்த்த மட்டமான படம் ஒன்றைத் திட்ட ஆரம்பித்தார். எங்கள் படம்தான். வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். “ஒரே ஒருத்தன் மட்டும் படிக்கட்டுல விழுந்தான் பாருங்க. தோளை உள்ள இழுத்து, உருண்டு, ஒரு எலும்புகூடத் தரையில மோதலை. அதை மட்டும் போன்ல திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாரு பெத்த புள்ளையோ.”

“நான்தாங்க அது” என்றேன்.

கழுத்தை விட்டுவிட்டு முன்னால் வந்து என்னை நன்றாகப் பார்த்தார். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் குளியலறையில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்ட பெரியவர்களாம். ஒரு படிகூட விழத் தெரியாமல் விழுந்தவர்கள். “அவங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா? வாரத்துல ரெண்டு நாள்?”

ஆகஸ்ட் 11, செவ்வாய்

மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

“அப்போ வேற எந்தப் படத்துலயும் தலைகாட்ட முடியாது, தெரியும்ல? ஆறாம் பாகம் வர்றதுக்கே நாலு வருஷம் ஆகும்.”

தெரியும் என்றேன். என் சினிமா இத்தோடு சரி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சாயங்காலம் முழுக்க ஒருவேளை தப்புச் செய்துவிட்டேனோ என்று வீட்டுக்குள்ளேயே நடந்தேன். “உக்காருங்க, தரை தேயுது” என்றாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

முதல் வகுப்பு. சிகிச்சை நிலையத்தின் பின் அறை, தரை முழுக்க மெத்தை. பன்னிரண்டு பேர், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

முழங்காலை எப்படி மடக்க வேண்டும், தலையை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று செய்து காட்டியபடி சொல்லிக்கொண்டே போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கையைத் தட்டினார்.

“தம்பி, சுவருக்கா பாடம் நடத்தறீங்க? எனக்குக் காது சரியாக் கேக்காது. வாயசையறதைப் பார்த்தாத்தான் புரியும். இந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினேன். பன்னிரண்டு முகமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. காது சூடாகிவிட்டது. சொல்ல வந்தது மறந்துபோய், “எங்க விட்டேன்?” என்று கேட்டேன்.

“முழங்கால்ல” என்றார் அந்த அம்மா. மறுபடி முழங்காலிலிருந்து ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் அவர்களைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.