ஐம்பதுக்கு ஏழு

திருவான்மியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜீஷானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், என் முழங்கால் வலியும் நலம். டப்ளின் குளிரில் நீயும் சாய்மாவும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். உன் அத்தாவின் நலத்தை நீ விசாரிக்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே கத்துவாய், தாளில் அது முடியாது.

பாலவாக்கத்து ஓவியர் அஸ்வினி கையால் அச்சிட்ட படத்தை வாங்கி, ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று, மற்ற பதினொரு படங்களைப் போலவே நம் வீட்டு முகவரிக்கு வரவழைத்தாய். உன் புது வீட்டுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று அத்தா மயிலாப்பூர் கடையில் தன் கையாலேயே தேக்கில் பிரேம் போட்டார், கீழே இருந்த வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டு. சாமி படம், மாதா படம், கல்யாண போட்டோ எல்லாவற்றுக்கும் நாற்பது வருடமாக அப்படித்தான் செய்கிறார். ஆசையாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். நீ உடனே வீடியோவில் வந்து, கடையில் நாலு பேர் நிற்கும்போது, "அறிவு இருக்கா அத்தா? காலண்டருக்கு பிரேம் போடற உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?" என்று கேட்டாய். சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மொத்தம் ஐம்பதே பிரதி, இது ஏழாவது, ஓவியரே பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டது, அந்த ஓரம் போனால் வெறும் காகிதம் என்றாய். அப்போது நான் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? அந்தப் படத்தில் எத்தனை படகு இருக்கிறது என்று. உனக்குத் தெரியவில்லை. "அது ஏழாம் நம்பர்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும்போது பெயரும் பதிவெண்ணும் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார்கள். எழுதியது யார் என்று தெரியாமல், எழுதியதைப் படித்து முப்பது வருடம் மதிப்பெண் போட்டவள் நான். நீ பதிவெண்ணை மட்டும் படித்துவிட்டு நூற்றுக்கு நூறு போடுகிறாய். மூன்று படகு, ஜீஷான். ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.

இனி வருவதை நிதானமாகப் படி. அந்த ஓரத்தை வெட்டச் சொன்னது நான். பென்சிலில் 7/50 என்று இருந்ததைப் பார்த்ததும், யாரோ ஆசிரியர் ஐம்பதுக்கு ஏழு போட்டிருக்கிறார், பக்கத்தில் அவர் கையெழுத்து என்று நினைத்துவிட்டேன். பெயில் மார்க்கோடு மாட்டினால் வருகிறவர்கள் பாவம் வரைந்தவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், எடுத்துவிடுங்கள் என்றேன். "பையன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்று அத்தா சொல்லத்தான் செய்தார், நான்தான் அவசரப்படுத்தினேன். நீ கத்தியபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

மறுநாள் படத்தைப் போர்வையில் சுற்றி, வெட்டிய துண்டை உறையில் போட்டு, ஆட்டோவில் பாலவாக்கம் போனோம். திரும்பக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்று கேட்கத்தான். வாசலில் மீன் கூடையோடு அஸ்வினியின் அம்மா பச்சையம்மா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா பாய், வாலை நறுக்கினதுக்கா இம்மாந்தூரம் மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு வந்துகீற?" என்றார். உள்ளே, உன்னைவிடச் சின்னப் பெண்ணான அஸ்வினி முன்னால் உன் அத்தா கை கட்டி நின்றார். "ஒரு தபா போட்ட நம்பரத் திரும்பப் போட்டா மீதி நாப்பத்தொம்போது பேருக்கும் பொய் சொன்னதாயிடும் அங்கிள்" என்று அவள் மறுத்துவிட்டாள். மறுத்தது சரி. ஆனால் ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் மதிப்பெண் கதையைச் சொன்னதும், "ஏழா? கணக்குல எனக்கு எப்பவுமே அவ்ளோதான் டீச்சர்" என்று சிரித்தாள். பச்சையம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். அத்தா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கடையைத் திறக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், கத்தியைத் தொடுவதில்லை. நேற்று ஒரு அம்மாள் மகளின் கல்யாணப் படத்தோடு வந்தார். ஓரத்தை வெட்டட்டுமா என்று அத்தா மூன்று முறை கேட்டார், அந்த அம்மாள் மூன்று முறையும் சரி என்றார். கடைசியில், வேறு கடையில் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அளவு பார்க்காமலே நேராக வெட்டும் கையை நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று பார்.

மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்காதே, "பரவால்லப்பா" என்று முடித்துவிடுவார். உன் மற்ற பதினொரு படங்களும் என் பீரோவில், சாவி என்னிடம். அதில் உனக்கு உயிரான ஒன்றைச் சொல். "அத்தா, இதுக்கு நீங்க பிரேம் போடுங்க, உங்க இஷ்டப்படி" என்று அவரிடம் கேள். கடையில் ஆள் நிற்கும்போது, வீடியோவில், அன்று கத்திய அதே சத்தத்தில் கேள். முடியாது என்றால் கே.கே. நகரிலிருந்து உன் மாமனாரை அனுப்பிப் பதினொன்றையும் எடுத்துக்கொள், இனி இந்த முகவரிக்கு ஒரு படமும் வரக்கூடாது.

உனக்கும் சாய்மாவுக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். கோபம் வேறு, அது வேறு. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் கடையில் கூட்டம் இருக்கும், உங்கள் ஊர் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
குல்சும்